பாய்ன் ஆறு: சாமி மாறினாலும் இடம் மாறவில்லை

அயர்லாந்தின் கிழக்குப் பகுதியில் ஓடும் பாய்ன் ஆற்றின் மொத்த நீளமே சுமார் 112 கிலோமீட்டர்தான். காவிரியைப் பார்த்து வளர்ந்தவர்கள் "இது ஆறா, வாய்க்காலா?" என்று கேட்டாலும் கேட்பார்கள். ஆனால் இந்தச் சின்ன ஆற்றைச் சுற்றி என்னென்ன இருக்கின்றன தெரியுமா? கீசாவின் பிரமிடுகளை விட வயதில் மூத்த கல்லறைகள், அயர்லாந்து மன்னர்கள் பட்டம் ஏற்ற குன்று, புனித பேட்ரிக் தீ மூட்டியதாகச் சொல்லப்படும் இன்னொரு குன்று, வைக்கிங் கொள்ளையருக்குத் தப்பி வந்த துறவிகளின் மடம், ஆள் உயரத்தைப் போல மூன்று மடங்கு உயரமான கற்சிலுவைகள்... எல்லாமே டப்ளின் நகரத்திலிருந்து ஒன்றிரண்டு நாளில் சுற்றிப் பார்த்துவிடக்கூடிய தூரத்தில்.

சுற்றுலாப் புத்தகங்கள் இவற்றை 'கெல்ட்டிக் இடங்கள்', 'ஆதி கிறிஸ்தவ இடங்கள்' என்று இரண்டு பட்டியலாகப் பிரித்துக் கொடுக்கும். முதலில் பழைய மதம் இருந்தது, 5ஆம் நூற்றாண்டில் பேட்ரிக் வந்தார், பழையது ஒழிந்து புதியது வந்தது. கதை இவ்வளவு சுலபம் என்று தோன்றும்.

ஆற்றோடு கூடவே பயணம் செய்தால் வேறு ஒரு கதை தெரிகிறது. இங்கே புதிதாக வந்தவர்கள் யாரும் காலி மனையில் குடியேறவில்லை. பழையவர்களின் இடத்தை, அதன் பெயரோடும் மதிப்போடும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். கணக்குப்பதிவியல் பாடத்தில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து வரும். நன்றாக ஓடும் கடையை வாங்குகிறவர் மேஜை, நாற்காலி, சரக்குக்கு மட்டும் பணம் தருவதில்லை. அந்தக் கடைக்கு வந்து பழகிய கூட்டத்துக்கும் சேர்த்துத்தான் தருகிறார். பெயர்ப்பலகையைக் கழற்றி எறிந்தால் அவருக்குத்தான் நஷ்டம். பாய்ன் கரையில் ஐயாயிரம் ஆண்டுகளாக நடந்திருப்பது ஏறக்குறைய இதுதான்.

ஊற்று: பசுவின் பெயர் கொண்ட ஆறு

பாய்ன் பிறப்பது கில்டேர் மாவட்டத்தில், கார்பரி என்ற ஊருக்கு அருகே உள்ள ஒரு ஊற்றில். ஐரிஷ் மொழியில் ஆற்றின் பெயருக்கு 'வெள்ளைப் பசு' என்று பொருள் சொல்கிறார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி எழுதிய புவியியல் நூலிலேயே இந்த ஆறு 'பூவிந்தா' என்ற பெயரில் வந்துவிடுகிறது.

பசு என்றால் அந்தக் கால அயர்லாந்தில் பணம். நாட்டில் முதல் நாணயம் அடிக்கப்பட்டதே சுமார் 997இல், டப்ளினை ஆண்ட வைக்கிங் மன்னன் காலத்தில்தான். அதற்கு முன் அபராதம், சீதனம், ஒரு மனிதனின் அந்தஸ்து எல்லாவற்றையும் பசுக் கணக்கில்தான் சொன்னார்கள். அப்படிப்பட்ட நாட்டில் ஒரு ஆற்றுக்குப் பசுவின் பெயர் வைப்பது சாதாரண விஷயம் அல்ல.

அந்தப் பெயருக்கு உரியவள் போவன் என்ற பெண் தெய்வம். யாரும் நெருங்கக் கூடாத ஒரு ஞானக் கிணறு இருந்ததாம். போவன் அதை மதிக்காமல் அப்பிரதட்சணமாக மூன்று முறை சுற்றினாள். கிணறு பொங்கி எழுந்து, அவளைக் கடல் வரை துரத்திச் சென்று மூழ்கடித்தது. அந்த வெள்ளம் ஓடிய பாதைதான் பாய்ன் ஆறு.

இன்று அந்த ஊற்றின் பெயர் என்ன? திரித்துவக் கிணறு! தந்தை, மகன், தூய ஆவி என்ற கிறிஸ்தவத் திரித்துவம்தான். திரித்துவ ஞாயிறன்று மக்கள் அங்கே கூடி ஜெபிக்கும் வழக்கமும் வந்தது. கிணறு அதே கிணறு, அதன் புனிதமும் தொடர்கிறது. பெயர் மட்டும் புதிது.

இன்னொரு விஷயம். போவனின் கதை நமக்கு எப்படித் தெரியும்? கெல்ட்டுகள் தங்கள் புராணங்களை ஏட்டில் எழுதி வைக்கவில்லை. கிறிஸ்தவம் கொண்டு வந்த எழுத்தறிவை வைத்து, கிறிஸ்தவ மடங்களில் படித்தவர்கள்தான் இவற்றை எழுதினார்கள். பழைய சாமியின் கதையைக் காப்பாற்றிக் கொடுத்தது புதிய சாமியின் ஆட்கள்!

தாரா: யாரும் குடியிருக்காத தலைநகரம்

ஊற்றிலிருந்து வடகிழக்காக வந்தால் ட்ரிம் என்ற ஊர். இங்கே ஆற்றங்கரையில் நிற்கும் பிரம்மாண்டமான நார்மன் கோட்டையை 1995இல் வந்த 'பிரேவ்ஹார்ட்' படத்தில் பலர் பார்த்திருப்பார்கள். அதைத் தாண்டி, ஆற்றுக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி இருப்பது தாரா குன்று.

தாராவுக்கு முதல் முறை போகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்து போவார்கள். அரண்மனையும் இல்லை, மதிலும் இல்லை. புல் மூடிய மேடுகளும் பள்ளங்களும்தான். ஆடுகள் மேய்ந்து கொண்டிருக்கும். ஆனால் அந்த ஒவ்வொரு மேடும் ஒரு காலத்தின் அடையாளம்.

அங்கே இருப்பவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று 'பணயக் கைதிகள் மேடு'. இது 5000 ஆண்டுகளுக்கு முந்தைய கல்லறை. கற்களால் சிறு நடைபாதை அமைத்து, மேலே மண்ணைக் குவித்து மூடியது. பல நூறு ஆண்டுகள் கழித்து வெண்கலக் காலத்தில் வந்தவர்கள் புது இடம் தேடவில்லை. இதே மேட்டுக்குள் தங்கள் இறந்தவர்களைப் புதைத்தார்கள். அதில் அம்பர் முதலிய மணிகள் கோத்த மாலையோடு புதைக்கப்பட்ட ஒரு பதின்ம வயதுப் பையனும் உண்டு. அதற்கும் பின்னால், இரும்புக் காலத்தில், இந்த மேட்டையும் உள்ளடக்கிச் சுமார் ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்கு ஒரு பெரிய வட்டம் போட்டார்கள். பள்ளம் உள்பக்கமும் கரை வெளிப்பக்கமுமாக இருக்கும். எதிரியைத் தடுப்பதற்கு இந்த அமைப்பு உதவாது. உள்ளே இருப்பது சாதாரண இடம் இல்லை என்று காட்டுவதற்கான எல்லை அது.

குன்றின் மேல் நிற்கும் ஒரு மீட்டர் உயரக் கல்லுக்கு 'லியா ஃபாயில்' என்று பெயர். உரிமையுள்ள மன்னன் தொட்டால் கல் கர்ஜிக்கும் என்பது நம்பிக்கை. தாராவின் விழாவில் மன்னன் அந்த மண்ணின் பெண் தெய்வத்தை மணப்பதாக ஐதீகம்.

இனி கிறிஸ்தவம் வந்த கதைக்கு வருவோம். பேட்ரிக் 5ஆம் நூற்றாண்டில் வந்தார் என்றால், அந்தப் பழைய விழா அன்றோடு நின்றிருக்க வேண்டும் அல்லவா? நிற்கவில்லை. கடைசித் தாரா விழாவை நடத்தியவன் தியர்மெய்த் என்ற மன்னன். ஆண்டு சுமார் 560. அதாவது பேட்ரிக் வந்து நூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆன பிறகு!

விழா நின்ற பிறகும் தாராவின் மதிப்பு குறையவில்லை. யாரும் அங்கே குடியிருக்கவில்லை, அரண்மனையும் இல்லை. ஆனாலும் 'தாராவின் மன்னன்' என்ற பட்டத்துக்காகக் கிறிஸ்தவ மன்னர்கள் பல நூறு ஆண்டுகள் அடித்துக்கொண்டார்கள். 980இல் டப்ளின் வைக்கிங்குகளை மாயில் செக்னால் தோற்கடித்ததும் இந்தத் தாராவில்தான். கட்டடம் போய், சரக்கு போய், பெயர் மட்டும் மிச்சமிருந்த கடை என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெயருக்கே அத்தனை விலை.

இது மன்னர்களோடும் முடியவில்லை. 1843 ஆகஸ்ட் 15 அன்று, பிரிட்டனுடனான இணைப்பை ரத்து செய்யக் கோரி டேனியல் ஓ'கானல் மாபெரும் கூட்டம் நடத்தியபோது அவர் தேர்ந்தெடுத்த இடம் தாரா. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்ததாக அந்தக் காலத்தில் சொன்னார்கள். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம், ஆனால் இடத்தின் தேர்வில் காரணம் இருந்தது. 1899 முதல் 1902 வரை இன்னொரு கூட்டம் வந்தது. பைபிளில் வரும் உடன்படிக்கைப் பெட்டி தாராவில்தான் புதைந்திருக்கிறது என்று நம்பிய பிரிட்டிஷ் குழு ஒன்று மண்வெட்டியோடு இறங்கி மேடுகளைத் தோண்டிப் பாழாக்கியது. கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ், டக்ளஸ் ஹைட், ஜார்ஜ் மூர் ஆகியோர் சேர்ந்து லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்குக் கண்டனக் கடிதம் எழுதினார்கள். பெட்டி கிடைக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை!

கெல்ஸ்: வேதப் புத்தகத்தில் பத்திரப் பதிவு

தாராவுக்கு வடக்கே நாவன் நகரில் பாய்னோடு பிளாக்வாட்டர் என்ற உபநதி சேர்கிறது. அந்த உபநதியின் வழியே மேலே போனால் கெல்ஸ் வரும்.

ஸ்காட்லாந்துக் கரையோரம் உள்ள அயோனா தீவில் 563இல் கொலம்பா என்ற ஐரிஷ் துறவி ஒரு மடம் நிறுவினார். 795 முதல் வைக்கிங்குகள் அதைத் தாக்கத் தொடங்கினார்கள். 806இல் மட்டும் 68 பேரைக் கொன்றார்கள். கடலோரத்தில் இனி பிழைக்க முடியாது என்று துறவிகள் உள்நாட்டில் இடம் தேடினார்கள். கிடைத்த இடம் கெல்ஸ். அதுவும் முன்பு மன்னர்களின் கோட்டை இருந்த இடம் என்பது மரபு. 807இல் கட்டத் தொடங்கி, 814இல் தேவாலயம் முடிந்தது.

இந்த மடத்தின் பெயரால் உலகப் புகழ் பெற்றதுதான் 'கெல்ஸ் புத்தகம்'. நான்கு நற்செய்திகளும் அடங்கிய, சுமார் கி.பி. 800இல் உருவான லத்தீன் கையெழுத்துப் பிரதி. அயோனாவில் எழுதினார்களா, கெல்ஸில் எழுதினார்களா, அங்கே தொடங்கி இங்கே முடித்தார்களா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. 340 தாள்கள். தாள் என்றால் காகிதம் இல்லை, கன்றுத் தோல். ஒரு புத்தகத்துக்காக ஒரு பெரிய மந்தையே போயிருக்கும். பசுதான் பணம் என்ற நாட்டில் இது எத்தனை பெரிய முதலீடு என்று யோசித்துப் பாருங்கள்.

1007இல் இந்தப் புத்தகம் திருடு போனது. இரண்டு மாதங்களுக்கும் மேல் கழித்து மண்ணுக்கடியில் கிடைத்தது. அட்டையில் இருந்த தங்கத்தை மட்டும் உரித்துக்கொண்டு மற்றதைப் புதைத்துவிட்டுப் போயிருந்தான் திருடன். இன்று அது டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது.

வணிகவியல் படிக்கிறவர்களுக்குப் பிடித்த ஒரு தகவல் இதில் உண்டு. புத்தகத்தில் காலியாக இருந்த பக்கங்களிலும் ஓரங்களிலும் பிற்காலத் துறவிகள் மடத்தின் நிலப் பத்திரங்களை ஐரிஷ் மொழியில் எழுதி வைத்தார்கள். யார் எந்த நிலத்தைக் கொடுத்தார்கள், யார் சாட்சி என்ற விவரங்கள். வேதப் புத்தகத்திலேயே எழுதிவிட்டால் யார் மறுத்துப் பேச முடியும்? பதிவு அலுவலகம் இல்லாத காலத்தில் ஒரு பொருளின் புனிதத்தை இப்படியும் பயன்படுத்தினார்கள்.

ஸ்லேன்: தீ மூட்டியது யார்?

நாவனிலிருந்து பாய்ன் வழியே கீழே இறங்கினால் முதலில் டொனாமோர். இங்கே ஒரு வட்டக் கோபுரம் நிற்கிறது. கொஞ்ச தூரத்திலிருந்து பார்த்தால் கூர்மையான பென்சிலை நட்டு வைத்தது போல இருக்கும். ஐரிஷ் மொழியில் இந்த வகைக் கோபுரத்துக்கு 'மணி வீடு' என்று பெயர். வாசல் தரையில் இருக்காது, ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். டொனாமோரில் அந்த வாசலுக்கு மேல் சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது.

அடுத்து ஸ்லேன் குன்று. அயர்லாந்துப் பள்ளிக் குழந்தைகள் அனைவருக்கும் தெரிந்த கதை நடந்த இடம். ஆண்டு 433 என்பார்கள். தாராவில் மன்னன் லேரி விழாத் தீயை ஏற்றும் வரை நாட்டில் வேறு யாரும் தீ மூட்டக் கூடாது என்று சட்டம். அந்த இரவில் தூரத்துக் குன்றில் ஒரு வெளிச்சம். பேட்ரிக் ஈஸ்டர் தீயை மூட்டியிருந்தார். "இந்தத் தீயை இன்றிரவே அணைக்காவிட்டால் இனி எப்போதும் அணைக்க முடியாது" என்று மந்திரவாதிப் பூசாரிகள் மன்னனை எச்சரித்தார்கள். பிறகு நடந்த போட்டியில் பேட்ரிக் வென்றார். அற்புதமான காட்சி, சினிமாவே எடுக்கலாம்.

ஆனால் வரலாறு என்ன சொல்கிறது? பேட்ரிக் தன் கையால் எழுதியதாக அறிஞர்கள் ஏற்கும் இரண்டு எழுத்துகள் கிடைத்திருக்கின்றன. பிரிட்டனில் பிறந்து, சுமார் 16 வயதில் கடத்தப்பட்டு, அயர்லாந்தில் ஆறு ஆண்டுகள் அடிமையாக மந்தை மேய்த்து, தப்பிப் போய், மறுபடி அதே நாட்டுக்குப் போதகராகத் திரும்பி வந்ததை அவரே சொல்கிறார். அதில் தாரா இல்லை, ஸ்லேன் இல்லை, மன்னன் லேரியும் இல்லை. அவர்தான் முதல் கிறிஸ்தவர் என்பதும் சரியல்ல. 431லேயே அயர்லாந்தில் இருந்த கிறிஸ்தவர்களுக்காகப் பல்லாடியஸ் என்ற ஆயரைப் போப் அனுப்பியதாகப் பதிவு இருக்கிறது.

தீக் கதையை எழுதியவர் முயிர்ஹு என்ற துறவி. எழுதியது 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அதாவது சம்பவம் நடந்ததாகச் சொல்லப்பட்டு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான பிறகு. அவர் குறிப்பிடும் இடம் ஸ்லேன்தானா, அல்லது அருகில் உள்ள நௌத் மேடா என்பதிலும் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு.

முயிர்ஹு ஏன் தாராவை இழுத்தார்? அந்தக் காலத்தில் ஆர்மா நகரின் திருச்சபை, தன் நிறுவனர் பேட்ரிக் என்பதால் அயர்லாந்து முழுவதற்கும் தானே தலைமை என்று உரிமை கோரிக்கொண்டிருந்தது. அதற்குப் பேட்ரிக் எங்கோ ஒரு மூலையில் வென்றால் போதாது. நாட்டிலேயே மதிப்பு மிக்க இடத்தில், மன்னனின் முகத்துக்கு நேரே வெல்ல வேண்டும். தாராவின் நற்பெயர் அவருக்குத் தேவைப்பட்டது.

அதே நூற்றாண்டில் எழுதிய டிரேஹன் என்ற இன்னொருவர் வேறு மாதிரி சொல்கிறார். மன்னன் லேரி மதம் மாறவே இல்லையாம். ஆயுதங்களோடு, எதிரி நாட்டைப் பார்த்தபடி, நின்ற நிலையில் தாராவிலேயே புதைக்கப்பட்டானாம். இதையும் எழுதியவர் ஒரு கிறிஸ்தவர்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ப்ரூ நா போய்ன்: தெய்வங்களின் வீடு

ஸ்லேனைத் தாண்டியதும் ஆறு ஒரு பெரிய வளைவு எடுக்கிறது. அந்த வளைவுக்குள் நியூகிரேஞ்ச், நௌத், டௌத் என்று மூன்று பெரிய கல்லறை மேடுகள். 1993 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடம்.

நியூகிரேஞ்ச் கட்டப்பட்டது சுமார் கி.மு. 3200இல். அகலம் ஏறக்குறைய 85 மீட்டர். சுற்றிலும் 97 பெரிய கற்கள். உள்ளே 19 மீட்டர் நீளமான குறுகிய பாதை, அதன் முடிவில் ஒரு அறை. வாசலுக்கு மேல் ஒரு சிறிய திறப்பு. டிசம்பர் 21ஐ ஒட்டிய நாட்களில் மட்டும், சூரியன் உதித்த சில நிமிடங்களில், ஒளிக்கற்றை அந்தத் திறப்பு வழியாக நுழைந்து கடைசி அறை வரை போகும். பதினேழு நிமிடம் இருந்துவிட்டு மறையும். 1967 டிசம்பர் 21 அன்று அகழ்வாராய்ச்சியாளர் மைக்கேல் ஓ'கெல்லி உள்ளே உட்கார்ந்து இதைக் கண்ணால் பார்த்தார். இப்போது அந்த நாட்களில் உள்ளே போகக் குலுக்கல் முறையில் ஆள் எடுக்கிறார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இதைக் கட்டியவர்கள் கெல்ட்டுகள் இல்லை. கெல்ட்டிக் மொழி அயர்லாந்துக்கு வந்தது இதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான். பழைய எலும்புகளில் செய்த மரபணு ஆய்வுகள், கட்டியவர்களுக்குப் பின் வேறு மக்கள் பெரிய அளவில் வந்து சேர்ந்ததைக் காட்டுகின்றன. நினைவுப்பொருள் கடைகளில் நியூகிரேஞ்சின் மூன்று சுழிக் கோலத்தைக் 'கெல்ட்டிக் சின்னம்' என்று விற்கிறார்கள். அது கெல்ட்டுகளுக்குக் கிடைத்த சொத்து, அவர்கள் சம்பாதித்த சொத்து அல்ல.

ஆனால் கிடைத்ததை அவர்கள் விட்டுவிடவில்லை. யார் கட்டியது என்று தெரியாததால் தெய்வங்களின் வீடு என்றார்கள். தக்தா என்ற பெரிய தெய்வம் அங்கே இருந்ததாம். அவர் மகன் ஏங்கஸ் வந்து "ஒரு பகல், ஒரு இரவு மட்டும் வீட்டைக் கொடுங்கள்" என்று கேட்டான். கொடுத்தார். மறுநாள் காலி செய்யச் சொன்னபோது, "உலகமே பகலும் இரவும்தானே, அப்படியானால் வீடு எனக்கு எப்போதைக்கும்" என்று சொல்லிவிட்டானாம். வாடகை ஒப்பந்தத்தில் ஒவ்வொரு வார்த்தையையும் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதற்கு இதைவிடப் பழைய உதாரணம் கிடைப்பது கஷ்டம்! நம்பிக்கை வெறும் கதையாகவும் இல்லை. கி.பி. முதல் சில நூற்றாண்டுகளைச் சேர்ந்த ரோமானிய நாணயங்கள் நியூகிரேஞ்ச் வாசலருகே கிடைத்திருக்கின்றன. மூவாயிரம் ஆண்டுப் பழைய மேட்டுக்கு யாரோ காணிக்கை செலுத்தியிருக்கிறார்கள்.

கிறிஸ்தவக் காலத்திலும் இதே கதைதான். பக்கத்து நௌத் மேட்டின் உச்சியில் வடக்கு பிரேகா என்ற நாட்டின் கிறிஸ்தவ மன்னர்கள் வீடு கட்டி ஆண்டார்கள். பழைய பாதைக்குள் நுழைந்து கற்களில் தங்கள் பெயர்களைக் கிறுக்கி வைத்தவர்களும் அந்தக் காலத்தவர்தான்.

ஆற்றின் எதிர்க்கரையில் ரோஸ்னாரீ. இங்கேதான் மிக அழகான ஒரு கதை. கோர்மாக் என்ற புகழ்பெற்ற மன்னன், பேட்ரிக் வருவதற்கு முன்பே ஒரே கடவுளை நம்பிவிட்டானாம். "என்னைப் பழைய மன்னர்களோடு அந்த மேட்டில் புதைக்காதீர்கள், ரோஸ்னாரீயில் புதையுங்கள்" என்று சொல்லிவிட்டு இறந்தான். ஆட்கள் கேட்கவில்லை. உடலை எடுத்துக்கொண்டு ஆற்றைக் கடக்க முயன்றார்கள். மூன்று முறையும் பாய்ன் பொங்கி வழிமறித்தது. கடைசியில் அவன் சொன்ன இடத்திலேயே புதைத்தார்கள். எழுதியவர் கிறிஸ்தவர், புகழப்படுவது புதிய நம்பிக்கை. ஆனால் அதைக் காப்பாற்ற எழுந்தது யார்? பழைய பசுத் தெய்வத்தின் ஆறு!

துறவிகளின் கடைசிக் கட்டம்

நியூகிரேஞ்ச் என்ற பெயரே துறவிகள் கொடுத்ததுதான். 'கிரேஞ்ச்' என்றால் மடத்துப் பண்ணை. 1142இல் புனித மாலகி ஏற்பாட்டில், பாய்னின் உபநதியான மேட்டக் கரையில் மெல்லிஃபான்ட் மடம் தொடங்கியது. அயர்லாந்தின் முதல் சிஸ்டர்சியன் மடம். பிரான்ஸிலிருந்து புதிய ஒழுங்குமுறையோடு வந்த இந்தச் சபை, சுற்றியிருந்த நிலங்களைப் பண்ணைகளாக மாற்றியது. தெய்வங்களின் வீடு மடத்தின் நிலக் கணக்கில் ஒரு பண்ணையாகப் பதிவானது. 1539இல் ஆங்கில அரசன் 8ஆம் ஹென்றி மடத்தைக் கலைத்துவிட்டான். பண்ணையின் பெயர் மட்டும் இன்றும் மிச்சம்.

மெல்லிஃபான்டுக்கு அருகே மொனாஸ்டர்பாய்ஸ். 521இல் இறந்த பூயிதே என்ற துறவி நிறுவியது. இங்குள்ள மூரெடாக் சிலுவை சுமார் 5.5 மீட்டர் உயரம், 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. ஆதாம் ஏவாள், காயீன் ஆபேல், தாவீது கோலியாத், கடைசித் தீர்ப்பு என்று பைபிள் முழுவதும் கல்லில். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பாடப் புத்தகம். அடியில் இரண்டு பூனைகள் கூட உண்டு! சிலுவையைச் சுற்றியுள்ள வட்டம், பேட்ரிக் சூரிய வழிபாட்டையும் சிலுவையையும் சேர்த்து உருவாக்கியது என்று பலரும் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. பழையதும் புதியதும் கலந்தது உண்மை என்பதற்காக, எல்லாவற்றிலும் கலப்பைத் தேடுவது சரியல்ல.

இதற்குப் பின் ஆறு டிராஹெடா நகரத்தைக் கடந்து ஐரிஷ் கடலில் கலக்கிறது. இந்த முகத்துவாரத்தின் பழைய பெயர் இன்வெர் கோல்பா. ஐரிஷ் மக்களின் மூதாதையர் கடல் தாண்டி வந்தபோது கோல்பா என்ற வீரன் இங்கே மூழ்கி இறந்தான் என்பது பழைய புராணம். முயிர்ஹுவின் நூலில் தாராவை நோக்கிப் புறப்பட்ட பேட்ரிக் கரை இறங்குவதும் இங்கேதான். இரண்டு கதைக்கும் ஒரே துறைமுகம்.

மறுபடி தாரா: நெடுஞ்சாலை வந்த கதை

ஆறு முடிந்துவிட்டது. ஆனால் இந்தப் பள்ளத்தாக்குக்குக் கடைசியாக வந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல மறுபடி தாராவுக்குத் திரும்ப வேண்டும்.

நாவன், கெல்ஸ் பகுதிகளிலிருந்து தினமும் டப்ளினுக்கு வேலைக்குப் போகிறவர்கள் போக்குவரத்து நெரிசலில் மணிக்கணக்கில் தவித்தார்கள். அதற்குத் தீர்வாக எம்3 நெடுஞ்சாலை திட்டமிடப்பட்டது. பாதை தாராவுக்கும் எதிரே உள்ள ஸ்க்ரீன் குன்றுக்கும் நடுவே. தாரா என்பது குன்றின் உச்சி மட்டும் அல்ல, சுற்றியுள்ள பள்ளத்தாக்கு முழுவதும் சேர்ந்ததுதான் தாரா என்று வரலாற்று ஆய்வாளர்கள் எதிர்த்தார்கள். கவிஞர் சீமஸ் ஹீனி கடுமையாகக் கண்டித்தார். உலக நினைவுச்சின்னங்கள் நிதியம் 2008ஆம் ஆண்டுக்கான ஆபத்தில் உள்ள 100 இடங்களின் பட்டியலில் தாராவைச் சேர்த்தது.

2007இல் சாலைப் பணியின்போது லிஸ்முல்லின் என்ற இடத்தில் சுமார் 80 மீட்டர் அகலத்தில் மரக் கம்பங்களால் ஆன இரும்புக் கால வட்டம் ஒன்று வெளிப்பட்டது. அரசு அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தது. பிறகு? அளந்து, படம் எடுத்து, பதிவு செய்து, முழுவதும் தோண்டி எடுத்துவிட்டு அதன் மேலேயே சாலை போட்டார்கள். 2010 ஜூனில் சாலை திறக்கப்பட்டது. எதிர்பார்த்த அளவு வண்டிகள் வராததால், ஒப்பந்தப்படி அரசே சில ஆண்டுகள் சுங்கச்சாவடி நிறுவனத்துக்கு ஈடு கட்ட வேண்டி வந்தது தனிக்கதை.

சாலை தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சாலை போடாவிட்டால் லிஸ்முல்லின் இருப்பதே யாருக்கும் தெரிந்திருக்காது. தினமும் மூன்று மணி நேரம் பேருந்தில் போகிறவரிடம் இரும்புக் காலத்தின் பெருமையை மட்டும் பேசிப் பயனில்லை. "ஐயாயிரம் ஆண்டுகளாக எல்லோரும்தானே இந்த இடத்தை மாற்றினார்கள், நாங்கள் மாற்றினால் மட்டும் தவறா?" என்றும் கேட்கலாம்.

கேள்வி நல்ல கேள்வி. பதில், முன்பு வந்தவர்கள் எப்படி மாற்றினார்கள் என்பதில் இருக்கிறது. வெண்கலக் கால மக்களுக்கும், கெல்ட் மன்னர்களுக்கும், முயிர்ஹுவுக்கும், ஓ'கானலுக்கும் தாரா தாராவாக இருப்பது தேவைப்பட்டது. அந்த மதிப்பின் மேல்தான் அவர்கள் தங்களுடையதைக் கட்டினார்கள். அதனால் பழையது ஏதோ ஒரு வடிவில் தப்பித்தது. நெடுஞ்சாலைக்கு அந்த மதிப்பு தேவைப்படவில்லை. அதற்கு வேண்டியது அகலமான ஒரு துண்டு நிலம் மட்டுமே. சாலைச் செலவும் சுங்க வரவும் கணக்குப் புத்தகத்தில் ஏறும். 2500 ஆண்டுப் பழைய வட்டத்துக்கு அந்தப் புத்தகத்தில் பத்தியே இல்லை. பத்தி இல்லாத சொத்து இருப்புநிலைக் குறிப்பில் பூஜ்யமாகத்தான் தெரியும்.

எப்போதாவது அயர்லாந்து போக வாய்ப்புக் கிடைத்தால், நியூகிரேஞ்சுக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். பார்வையாளர் மையத்திலிருந்து அவர்களுடைய பேருந்தில்தான் போக முடியும். தாராவுக்கு டிக்கெட் இல்லை, நேரமும் குறிப்பதில்லை. மழைக்கு ஒரு மேலங்கியும் நல்ல காலணியும் போதும். குன்றின் மேல் ஏறி நின்றால் லியா ஃபாயில் கல் பக்கத்தில் இருக்கும், தெளிவான நாளில் ஸ்லேன் குன்று வடக்கே தெரியும், கிழக்கே கீழிருந்து லாரிச் சத்தம் கேட்கும். அங்கே உள்ள ஒவ்வொன்றையும் பார்த்து "இதற்கு முன்னால் இது யாருடைய இடம்?" என்று கேட்டுப் பாருங்கள். எம்3ஐப் பார்த்தும் கேளுங்கள்.